தொழில் தொடர்புகளைக் கம்ப்யூட்டரில் வளர்ப்பது எப்படி?

நெட்வொர்க் என்ற சொல்லைப் பார்த்ததும் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குக் கேபிளும் ரௌட்டரும்தான் நினைவுக்கு வரும். அதைப் பற்றி வேறொரு சமயம் பார்க்கலாம். இந்த முறை நாம் பேசப்போவது மனிதர்களின் நெட்வொர்க். நீங்கள் வேலை தேடுபவராக இருக்கலாம், கடை வைத்திருப்பவராக இருக்கலாம், வீட்டிலிருந்தே சிறு தொழில் செய்பவராக இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யார் யார், அவர்களோடு எப்போது என்ன பேசினீர்கள் என்பதை ஒழுங்காக வைத்துக்கொள்ள, புதிதாக வாங்கிய உங்கள் கம்ப்யூட்டரே போதும். தனியாகப் பணம் கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டாம்.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ராசிபுரத்தில் சிறிய கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்த காலம் அது. பகலில் வகுப்பு, இரவில் பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை டிசைன். ஒரு நாள் ஈரோட்டில் ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஒருவரைச் சந்தித்தேன். லேபிள், அட்டைப்பெட்டி டிசைன் எல்லாவற்றையும் என்னிடமே தருவதாகச் சொன்னார். "பொங்கல் கழிச்சுக் கூப்பிடுங்க" என்றார். நம்பரைச் செல்போனில் மட்டும் பதிந்துகொண்டேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் சேலம் புதிய பஸ் நிலையத்தில் அந்தப் போன் தொலைந்துபோனது. எழுநூறுக்கும் மேற்பட்ட நம்பர்கள் அதோடு போயின. அந்த மனிதரின் முழுப் பெயரோ, கம்பெனியின் பெயரோ எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனி மாதம் ஒரு கல்யாண வீட்டில் தற்செயலாக அவரைப் பார்த்தேன். "நீங்க கூப்பிடவே இல்லைங்களே, வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்" என்றார். என் சென்டரின் ஓராண்டு வாடகைக்கு ஈடான வேலை அது.

இந்தக் கதையைக் கேட்ட என் தாய்மாமா சிரித்தார். அவர் நாமக்கல்லில் ஒரே ஒரு லாரி வைத்துப் பிழைத்தவர். அவரிடம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு டைரி இருந்தது. லாரித் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கிருந்து வடநாட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போவது பாதி வேலைதான். திரும்பி வரும்போது ரிட்டர்ன் லோடு கிடைக்காவிட்டால் டீசல், டிரைவர் பேட்டா, சுங்கம் எல்லாம் கையிலிருந்து போகும். இரண்டு நாள் அந்த ஊரிலேயே லாரி நின்றாலும் நஷ்டம்தான். எனவே மாமாவின் டைரியில் நாக்பூருக்கு ஒரு பக்கம், இந்தூருக்கு ஒரு பக்கம், விஜயவாடாவுக்கு ஒரு பக்கம் என்று ஊர்வாரியாகப் புக்கிங் ஆபீஸ்களின் நம்பர்கள் இருக்கும். நம்பருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் குறிப்புகள்: "இவர் சொன்ன வாடகை மாறாது", "பாக்கி வைப்பார்", "மகளுக்குத் தையில் கல்யாணம்", "போன வருசம் டயர் வெடிச்சப்ப ஆள் அனுப்பினார்".

"லோடு கேக்கறதுக்கு மட்டும் போன் பண்ணுனா எவன் மாப்ளே எடுப்பான்? சும்மா இருக்கற நாள்லயும் ரெண்டு வார்த்தை பேசோணும்" என்பார். பள்ளிக்கூடம் முடிக்காத மனிதர். இன்று நகரத்து ஹோட்டல்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் பயிற்சி வகுப்புகளில் இதைவிட அதிகமாக எதையும் நான் கேட்டதில்லை. டைரியில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. "யாரிடம் பேசி மூன்று மாதம் ஆகிறது?" என்று அதைக் கேட்டால் பதில் சொல்லாது. அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

எக்ஸெல் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். மெனுக்கள் கொஞ்சம் மாறியிருக்கும், வேலை ஒன்றுதான். முதல் வரியில் வரிசையாக இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: பெயர், ஊர், தொழில், போன், மெயில், யார் மூலம் அறிமுகம், கடைசியாகப் பேசிய தேதி, என்ன பேசினோம், நான் செய்ய வேண்டியது. இதில் "யார் மூலம் அறிமுகம்" என்ற தலைப்பைப் பலர் விட்டுவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அதன் பயன் பின்னால் தெரியும்.

போன் நம்பர் எழுதும் நெடுவரிசையை மட்டும் முதலில் தயார் செய்ய வேண்டும். இல்லையென்றால், எஸ்டிடி கோடில் முதலில் வரும் பூஜ்யத்தை எக்ஸெல் தின்றுவிடும். அந்த நெடுவரிசையின் மேலே உள்ள ஆங்கில எழுத்தின் மீது ரைட் க்ளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நம்பர் டேபில் டெக்ஸ்ட் என்பதைக் க்ளிக் செய்து ஓகே கொடுங்கள். அடுத்து வியூ மெனுவில் ஃப்ரீஸ் பேன்ஸ், அதில் ஃப்ரீஸ் டாப் ரோ. இனி எவ்வளவு கீழே போனாலும் தலைப்பு வரி மறையாது. தேதியைக் கையால் டைப் செய்ய வேண்டாம். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு அரைப்புள்ளிக் கீயைத் தட்டினால் இன்றைய தேதி தானாக வந்து உட்காரும்.

செல்போனில் ஏற்கனவே உள்ள நம்பர்களை ஒவ்வொன்றாக டைப் செய்யவும் தேவையில்லை. ஆண்ட்ராய்ட் போனில் புதிய நம்பரைப் பதியும்போது சிம்மிலா, போனிலா, கூகுள் அக்கவுண்ட்டிலா என்று கேட்கும். எப்போதும் கூகுள் அக்கவுண்ட்டையே தேர்ந்தெடுங்கள். அப்படிச் செய்திருந்தால் போன் தொலைந்தாலும் நம்பர்கள் பத்திரமாக இருக்கும். கம்ப்யூட்டரின் பிரௌசரில் அதே ஜிமெயில் கணக்கில் நுழைந்து கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்துக்குப் போனால் எல்லாப் பெயர்களும் தெரியும். அங்கே எக்ஸ்போர்ட் என்பதைக் க்ளிக் செய்து, கூகுள் சிஎஸ்வி வகையில் இறக்கிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் தமிழ் வாசகர்கள் மாட்டிக்கொள்வார்கள். இறக்கிய ஃபைலை டபுள் க்ளிக் செய்து திறந்தால், தமிழில் பதிந்திருந்த பெயர்கள் எல்லாம் புரியாத குறியீடுகளாகத் தெரியலாம். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். புதிய எக்ஸெல் ஷீட் ஒன்றைத் திறந்து, டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த ஃபைலைக் காட்டுங்கள். வரும் டயலாக் பாக்ஸில் ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோடு யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் சரியாகிவிடும். பக்கத்திலேயே டேட்டா டைப் டிடெக்ஷன் என்று இருக்கும். அதில் கண்டறிய வேண்டாம் என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு லோட் செய்யுங்கள். போன் நம்பர்களின் முன்னால் உள்ள கூட்டல் குறியும் பூஜ்யமும் தப்பிக்கும். தலைப்பு வரி ஒரு வரி கீழே இறங்கி வந்தால் கவலைப்பட வேண்டாம். தேவையான பெயர்களை மட்டும் உங்கள் ஷீட்டுக்கு காப்பி செய்துகொள்ளுங்கள். கேஸ்காரர், பால்காரர் எல்லாம் இதில் வேண்டாம்.

ஷீட் தயாரானதும் தலைப்பு வரியில் ஒரு செல்லில் கர்சரை வைத்து, டேட்டா மெனுவில் ஃபில்டர் என்பதைக் க்ளிக் செய்யுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு சிறிய அம்புக்குறி தோன்றும். "கடைசியாகப் பேசிய தேதி" என்பதன் அம்புக்குறியைக் க்ளிக் செய்து, டேட் ஃபில்டர்ஸ், பிறகு பிஃபோர் என்று தேர்ந்தெடுத்து, மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியைக் கொடுங்கள். நீங்கள் மறந்துபோனவர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள். மாமாவின் டைரியால் முடியாதது இதுதான்.

சரி, பட்டியலில் யாரைச் சேர்ப்பது? பங்காளி, மாமன், மச்சான், கூடப் படித்தவர்கள் என்று எழுதினால் ஒரு மணி நேரத்தில் நூறு பேர் சேர்ந்துவிடுவார்கள். நம் பகுதியில் சொந்தபந்தத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி வருவது அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களிடமிருந்துதான்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, சேலத்து ஜவ்வரிசியே போதும். இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்தச் சமயத்தில் சேலத்தில் மீன் வியாபாரம் செய்துவந்தவர் மாணிக்கம் செட்டியார். வியாபாரத்துக்காகக் கேரளாவுக்குப் போய்வந்ததில் மரவள்ளிக்கிழங்கு மாவு அவருக்கு அறிமுகமானது. பினாங்கிலிருந்து சேலத்துக்கு வந்திருந்த போபட்லால் ஷா என்ற வணிகருடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யும் முறை தெரியும். 1943 வாக்கில் குடிசைத் தொழிலாகச் சேலத்தில் ஜவ்வரிசி தயாரிப்பு ஆரம்பித்தது இந்த இருவரின் சந்திப்பிலிருந்துதான். பிறகு இயந்திர வேலை தெரிந்த வெங்கடாசலக் கவுண்டர் அதற்கான மெஷின்களை மேம்படுத்திக் கொடுத்தார். மீன் வியாபாரிக்கும் பினாங்கு வணிகருக்கும் உறவு கிடையாது, தாய்மொழியும் ஒன்றல்ல. இன்று சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி பயிரிடும் விவசாயிகளுக்கும் சேகோ ஆலைத் தொழிலாளர்களுக்கும் அந்தப் பழக்கம்தான் சோறு போடுகிறது.

அமெரிக்காவிலும் இதையே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் 1973ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். எப்போதாவது என்றவர்கள் சுமார் 56. அபூர்வமாக என்றவர்கள் சுமார் 28. அவர் கேட்டது சில டஜன் பேரிடம்தான் என்று குறை சொல்பவர்கள் உண்டு. 2022ல் லிங்க்ட்இன் தளத்தின் இரண்டு கோடிப் பயனாளர்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு சயின்ஸ் பத்திரிகையில் வெளியானது. அதிலும் ஏறத்தாழ இதே முடிவு. ஒரு சிறிய திருத்தம் மட்டும்: முற்றிலும் அறிமுகமற்றவரைவிட, இடையில் சில பொது நண்பர்கள் உள்ள அரைகுறைப் பழக்கக்காரர்தான் அதிகம் உதவுகிறார். "யார் மூலம் அறிமுகம்" என்ற நெடுவரிசையை விடாதீர்கள் என்று நான் சொன்னது இதனால்தான்.

என்னிடம் படித்த ஒரு மாணவியின் அனுபவத்தைச் சொல்கிறேன். பள்ளிபாளையத்தைச் சேர்ந்தவர், அப்பா விசைத்தறியில் வேலை செய்பவர். பி.காம். முடித்து, டேலியும் படித்துவிட்டு, நாற்பது கம்பெனிகளுக்குப் பயோடேட்டா அனுப்பிவிட்டார். ஒரு பதிலும் இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார்கள். "ஆறு மாசம்தான் சார் டைம் குடுத்திருக்காங்க" என்றார். உட்கார்ந்து பட்டியல் போட்டோம். சொந்தக்காரர்களை எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டார். அப்பா முன்பு வேலை பார்த்த தறிப்பட்டறைக்குக் கணக்கு எழுத வந்தவர் யார் என்று கேட்டேன். பெயர்கூடத் தெரியாது, அப்பாவிடம் கேட்டு வந்தார். அந்தக் கணக்கருக்கு ஒரு மெயில் அனுப்பினோம். முதலில் அந்தப் பெண் எழுதிய மெயில் இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு ஏதாவது ஒரு வேலை வாங்கித் தந்தால் என் குடும்பம் உங்களுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கும்."

படிப்பவருக்குப் பரிதாபம் வரும், பதில் எழுத வராது. ஏதாவது ஒரு வேலை என்றால் அவர் எங்கே போய்த் தேடுவார்? மாற்றி எழுதியது இது:

"வணக்கம் ஐயா. நீங்கள் கணக்கு எழுதிய பட்டறையில் என் அப்பா எட்டு வருடம் தறி ஓட்டினார். அவர்தான் உங்கள் பெயரைச் சொன்னார். நான் பி.காம். முடித்திருக்கிறேன். டேலியில் ஜிஎஸ்டி பில் போடுவேன். ஏற்றுமதிக் கம்பெனிகளில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்? நேரமிருக்கும்போது பத்து நிமிடம் போனில் சொன்னால் உதவியாக இருக்கும்."

யார் மூலம் தெரியும், எனக்கு என்ன தெரியும், உங்களிடம் கேட்பது என்ன, அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் இதில் இருக்கின்றன. வேலையைக் கேட்கவில்லை, விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறோம். அவர் மூன்றாம் நாள் போன் செய்தார். ஏற்றுமதி ஆவணங்களைப் பற்றிப் படித்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பெண் படித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து, "நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டேன் ஐயா" என்று மறுபடி எழுதினார். பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இந்த இரண்டாவது மெயில்தான். அவருக்குத் தெரிந்த கரூர்க் கம்பெனி ஒன்றில் ஆள் தேவைப்பட்டபோது அவருக்கு நினைவுக்கு வந்தது இந்தப் பெயர். கல்யாணம் இரண்டு வருடம் கழித்து நடந்தது. நான் போயிருந்தேன்.

மெயில் என்றதும் இரண்டு குறிப்புகள். முகவரியை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் விளையாட்டாக ஆரம்பித்த நடிகர் பெயர் முகவரிகள் வேண்டாம். பண்டிகை வாழ்த்தையோ விலைப்பட்டியலையோ ஒரே சமயத்தில் ஐம்பது பேருக்கு அனுப்பும்போது முகவரிகளை டூ கட்டத்தில் போடாமல் பிசிசி கட்டத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் ஐம்பது பேருடைய முகவரியும் ஐம்பது பேருக்கும் தெரிந்துவிடும். உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை நீங்களே போட்டியாளருக்கு அனுப்பிவைத்த மாதிரி ஆகும்.

லிங்க்ட்இன் தளம் 2003ல் செயல்படத் தொடங்கியது. 2016ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. இலவசக் கணக்கே நமக்குப் போதும். பதிவு செய்யும்போது உங்கள் மெயிலிலோ போனிலோ உள்ள எல்லா முகவரிகளையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால் ஸ்கிப் கொடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் அழைப்பு போய், அதில் நீங்கள் சண்டை போட்டுப் பிரிந்த பழைய பார்ட்னரும் இருந்தால் சங்கடம்தான். பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைன் வரியில் "வேலை தேடுகிறேன்" என்று மட்டும் போட்டால் ஆள் தேடுபவர் கண்ணில் படாது. "டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தெரிந்த கணக்காளர், பள்ளிபாளையம்" என்பது போலச் செய்யும் வேலையை எழுதுங்கள். அழைப்பு அனுப்பும்போது ஆட் எ நோட் என்பதைக் க்ளிக் செய்து இரண்டு வரி எழுதுங்கள். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளுக்குத்தான் இந்த வசதி என்பதால் முக்கியமானவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தினமும் காலையில் பூப்படம் அனுப்புவது தொடர்பை வளர்ப்பதாகாது. வந்தவுடன் அழிக்கத்தான் செய்கிறோம். அதற்குப் பதில், அவருடைய தொழிலுக்கு உதவும் ஒரு டெண்டர் விளம்பரத்தையோ, ஒரு புதிய அரசு அறிவிப்பையோ மாதம் ஒருமுறை அனுப்புங்கள். பிராட்காஸ்ட் வசதியில் அனுப்பும் செய்தி, உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சந்திப்பிலேயே அவரை உங்கள் நம்பரைப் பதியச் சொல்வது நல்லது.

சொந்தத் தொழில் செய்பவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். ஒரே தொழிலில் உள்ளவர்களைப் போட்டியாளர்கள் என்று ஷீட்டிலிருந்து ஒதுக்கிவிடுகிறார்கள். ஜவ்வரிசி ஆலைக்காரர்களும் முதலில் தனித்தனியாக நின்று வியாபாரிகள் சொன்ன விலைக்கே விற்றார்கள். 1981ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்த பிறகுதான் சரக்கை இருப்பு வைத்து, டெண்டர் மூலம் விற்க முடிந்தது. கோழிப்பண்ணைக்காரர்களும் அப்படித்தான். 1982ல் டாக்டர் பி.வி. ராவ் முயற்சியில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாகி, முட்டைக்கு விலை அறிவிக்கும் வேலையைப் பண்ணையாளர்களே எடுத்துக்கொண்டார்கள். நாமக்கல் மண்டல விலை என்று பேப்பரில் நாம் பார்ப்பது அதன் தொடர்ச்சிதான். உங்கள் தொழிலுக்கும் ஒரு சங்கம் இருக்கும். சந்தா கட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில்தான் பாதி விஷயம் பேசுவார்கள்.

முகம் தெரியாதவர்களுடன் பழகும்போது எச்சரிக்கையும் தேவை. வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர், ஆர்டர் தருவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவர், பணம் அனுப்புகிறேன் என்று கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்பவர் எல்லோரையும் உடனே பிளாக் செய்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் கிரைம் பிரிவுக்குப் புகார் செய்ய வேண்டும்.

ஷீட்டில் மற்றவர்களின் விவரங்கள் இருப்பதால் அதைப் பூட்டியும் வைக்க வேண்டும். ஃபைல் மெனுவில் இன்ஃபோ, அதில் புரொடெக்ட் ஒர்க்புக், பிறகு என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட். இந்தப் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது என்பதால் ஒரு காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் திங்கட்கிழமை காலை சென்டரைத் திறந்ததும் ஃபில்டரைப் போட்டு, மூன்று பேருக்கு மட்டும் போன் செய்கிறேன். மூன்றுக்கு மேல் போனால் பேச்சு கடனுக்குப் பேசுவது போல ஆகிவிடுகிறது. ஈரோட்டு ஏற்றுமதியாளர் இப்போது என் ஷீட்டில் பதினான்காவது வரியில் இருக்கிறார். "நான் செய்ய வேண்டியது" என்ற கட்டத்தில், அவர் பேத்திக்குக் கம்ப்யூட்டர் கோர்ஸ் விவரம் அனுப்ப வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். டிசைன் வேலை இன்னும் வரவில்லை.